செங்கம் ரோடு பைரவர்

“சார், நம்ம ராஜாவுக்குக் கற்பூரம் காட்டுறாங்க சார்!”

அபிநயா பதறினாள். செழியன் சார் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“வாசனை வந்துச்சும்மா. ராஜா என்ன பண்றான்?”

“அசையாம உட்கார்ந்திருக்கான்.”

“வேலை நேரத்துல அப்படித்தான் இருக்கணும்.”

பௌர்ணமி கிரிவலக் கூட்டம். பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க நிதி கேட்டு, ரோட்டோரம் பேனர் கட்டிப் பெட்டி வைத்திருந்தார்கள். சாருக்கு வழிகாட்டும் ராஜாவும் கூட வந்திருந்தான். சாயங்காலம் வரை யாரும் நிற்கவில்லை. ஒரு அம்மா மட்டும் சார் கையில் அன்னதானப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்.

“இப்படியே போனா அடுத்த நாய்க்கு ட்ரெயினிங் கிடையாதும்மா” என்று சாரே சோர்ந்துபோனார்.

அப்போதுதான் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பேனரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று, “பைரவா!” என்று கத்தி, ராஜா முன்னால் மண்டியிட்டாள். உடம்பெல்லாம் நடுக்கம்.

“அருள் வந்துடுச்சுடா!” என்றது கூட்டம்.

அவ்வளவுதான். எங்கிருந்தோ வடைமாலை வந்தது, கற்பூரமும் வந்தது. பெட்டி நிரம்ப ஆரம்பித்தது.

“ஐயோ, இது நாய்ங்க!” என்று கத்தினாள் அபிநயா.

“பைரவர் வேற எப்படி வருவாரு?”

ஒருவர் செழியன் சார் காலையே தொட்டார். “சாமி, எம் பையனுக்கு வேலை கிடைக்குமா?”

“மொதல்ல அரியர் எல்லாம் முடிக்கச் சொல்லுங்க” என்றார், காலேஜ் வாத்தியார் பழக்கத்தில்.

“அடேங்கப்பா! வீட்டு ரகசியத்தையே புட்டுப்புட்டு வெக்கிறாரே!”

அபிநயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், இன்னும் நடுங்கிக்கொண்டு பேனர் ஓரமாக நின்ற அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க்கா, பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இது என்ன நாய்னு பேனர்ல எழுதியிருக்கே, படிக்கலையா?”

“மெதுவாப் பேசும்மா. படிச்சுட்டுத்தான் மண்டி போட்டேன். நிதின்னா இந்த ஊர்ல யாரு நிக்கிறாங்க? சாமின்னா நிப்பாங்க.”

“அப்ப அந்த அருளு?”

“சும்மா.”

“நடுக்கம்?”

“அது நிஜம். நாய்னாலே எனக்கு உசுரு போயிடும்.”

செழியன் சார் வாய்விட்டுச் சிரித்தார். “அவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு எதுக்கும்மா இந்த வேலை?”

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு ராஜா பக்கத்தில் வந்து குனிந்தாள். இடுப்பிலிருந்த குழந்தை எங்கேயோ பார்த்தபடி கையை நீட்டியது. காற்றில் துழாவித் துழாவி, ராஜாவின் காதைக் கண்டுபிடித்துச் சிரித்தது.

“கவியாவும் உங்களை மாதிரிதான் சார். இவ பெரியவளாகி, இவளுக்குன்னு ஒரு ராஜா வீட்டுக்கு வர்றதுக்குள்ள, எனக்கு இந்த நாய் பயம் போகணுமே!”