எதிர்வீட்டு வாஷிங் மெஷின்

"பழைய பாகத்தைப் போட்டுட்டுப் புதுசுன்னு ஏமாத்துறான்" என்று தெருவெல்லாம் சொல்லி, மெக்கானிக்கின் பாதி வாடிக்கையாளர்களைத் துரத்தியவர் எதிர்வீட்டு வாத்தியார். அவருடைய வாஷிங் மெஷினுக்கு முன்னால்தான் மெக்கானிக் இப்போது குப்புறப் படுத்திருந்தான். இது நான்காவது ஞாயிறு. கூலியும் கிடையாது.

பகைவனை நேசிக்கச் சொல்லி பாஸ்டர் பிரசங்கம் செய்த அன்று மாலையே வாத்தியார் கூப்பிட்டார். நேசித்துப் பார்ப்போமே என்று இவனும் ஸ்பேனரோடு கிளம்பிவிட்டான்.

"இன்னைக்கும் அதே கால்தானா?" நாற்காலியை விட்டு எழாமலே வாத்தியார் கேட்டார்.

"அதேதான் சார்." பல்லைக் கடித்துக்கொண்டான்.

மெஷினின் நான்கு கால்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும், துணி சுழலும்போது மெஷின் குதித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு காலையும் ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருக்கிறது. லேசில் கழலாது, யாராவது ஸ்பேனர் போட்டுத் திருக வேண்டும். நட்டில் புதுக் கீறல்கள் மின்னின.

ஆண்டவரே, இந்த ஆளை எப்படி நேசிக்கிறது!

"சார், நீங்களேதானே கழட்டி விடுறீங்க? நான் தரையில உருளுறதை வேடிக்கை பாக்கவா?"

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது.

"நான்தான் கழட்டினேன். வேடிக்கை பாக்க இல்லப்பா. அந்தப் பிரசங்கத்தை நானும்தான் கேட்டேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் ஒவ்வொரு வாரமும் கூப்பிடுறேன். உன் மூஞ்சியப் பாத்ததும் வாய் வர மாட்டேங்குது."

"சரி, இப்பக் கேளுங்க."

வாத்தியார் அவன் முகத்தையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் பார்த்தார்.

"முடியலப்பா. அடுத்த ஞாயிறு வா."