முந்திக்கொண்ட பதில்

"என்ன செய்வியோ ஏது செய்வியோ, இன்னைக்குப் பொழுது அடையுறதுக்குள்ள முடிஞ்சாகணும். முதலாளிகிட்ட வாக்குக் கொடுத்துட்டு நிக்குதேன்" என்று கத்தினார் பூவனலிங்கம்.

"கத்தாதீங்க அண்ணாச்சி. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் பானு, மேசைக்கு அடியிலிருந்து.

தீப்பெட்டிக் கம்பெனியின் கோவில்பட்டி ஆபீஸுக்கு அவர்தான் மேனேஜர். சென்னையில் முதலாளி தும்மினால் இங்கே கைக்குட்டையை நீட்டுகிற மனுஷன் என்று பெயர். ஆளில்லாத இடத்தில் ஃபேன் சுற்றினால் ஊரைக் கூட்டுகிறவர், இன்றைக்கு இருந்த பதற்றத்தில் பூட்டிய தன் அறைக்குள்ளேயே காலையிலிருந்து ஃபேனை ஓடவிட்டிருந்தார்.

பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்குள்ள கம்ப்யூட்டர்களில் புது சிஸ்டம் ஏற்றி, கணக்கு வேலை மொத்தத்தையும் சென்னைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஏற்றி முடித்தால் பானு உட்பட கணக்குப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் போன வாரம் தொடங்கிய வேலை நகரவே மாட்டேன் என்றது. சலித்துப்போன முதலாளி, 'இன்றைக்கும் முடியாவிட்டால் இந்த வம்பே வேண்டாம், பழையபடி அங்கேயே நடக்கட்டும்' என்று சொல்லிவிட்டார்.

ஏற்றுகிறவன் கிருஷ்ணகுமார், சென்னையில் இருந்தான். அவன் அனுப்பிய பெட்டி ஒன்று ஹாலில் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது ஒயர் வழியாகத் தனக்கென்று ஓர் அட்ரஸ், அதாவது அடையாள எண், கேட்கும். அதை அந்தப் பெட்டி கொடுத்தால் மற்றதை அவன் அங்கிருந்தே முடித்துவிடுவான். இங்கே வேறு எதுவோ முந்திக்கொண்டு தப்பான அட்ரஸைக் கொடுத்துத் தொலைத்தது. 192 என்று தொடங்க வேண்டிய இடத்தில், எத்தனை தடவை பார்த்தாலும் 10 என்றே வந்து நின்றது.

"ஒரு ஒயரை ஒழுங்கா மாட்டத் தெரியலையா உங்களுக்கு?" ஸ்பீக்கர் போனில் கிருஷ்ணகுமார் எரிந்து விழுந்தான். "இதனாலதாங்க எல்லாத்தையும் இங்க கொண்டு வரோம்."

பானுவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போனுக்கு நேராக வந்து நின்றாள்.

"சார், வேலை போனாப் போகட்டும். வேலை தெரியாதவளுவன்னு பேரு வாங்கிக்கிட்டுப் போக மாட்டோம். கோளாறு எங்கன இருக்குன்னு நான் காட்டுதேன், இருங்க."

"நமக்கு நாமளே குழி தோண்டணுமாட்டி?" என்று பக்கத்து மேசை இசக்கிச்செல்வி முணுமுணுத்தாள்.

"தோண்டுனாலும் நேராத் தோண்டுவேன்."

எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்தாள். ஒயர்களெல்லாம் வந்து சேரும் இடத்தில், சென்னைப் பெட்டிக்கும் இன்டர்நெட்டுக்கும் உரிய விளக்குகள் மட்டும்தான் எரிந்திருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று கண்சிமிட்டியது. அதற்கான ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். அது சுவரோரமாக ஓடி, மேனேஜர் அறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது.

"சாவி கொடுங்க அண்ணாச்சி."

போனில் கிருஷ்ணகுமாரின் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. பூவனலிங்கம் வந்து கதவைத் திறந்தார்.

உள்ளே, சரஸ்வதி படத்துக்குக் கீழே ஸ்டூலில், கம்பெனி வாங்கிய முதல் கம்ப்யூட்டர். ஒரு காலத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அதுதான் அட்ரஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. ஓய்வு கொடுத்த பிறகும் பழைய இரும்புக்குப் போட அண்ணாச்சி விடவில்லை. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. போன வாரத்து மாலை இன்னும் கழுத்தில் வாடிக் கிடந்தது. பின்பக்கம் ஒயர் மாட்டியிருக்க, பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அது ஓடுகிற இரைச்சல் ஃபேன் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது.

பானு வாய்விட்டுச் சிரித்தாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

"பாத்தீங்களா அண்ணாச்சி! பூஜை அன்னைக்கு யாரோ இதை உசுப்பி விட்டிருக்காவ. சாமி கும்பிட்டதை அணைக்கக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டாவ. இதுதான் முந்திக்கிட்டுப் பதில் சொல்லுது. எங்க மேல ஒரு தப்பும் கிடையாது. இந்தா, புடுங்கிட்டு அந்த ஆளுகிட்டச் சொல்லுதேன்!"

"மேடம், கிடைச்சுதா?" என்று ஹாலிலிருந்து போன் கத்தியது.

பானு ஒயரில் கை வைத்தாள். பூவனலிங்கம் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் வந்தார். காலையிலிருந்து கத்திய குரல் இப்போது அவரிடம் இல்லை.

"கையை எடுத்துரு தாயி. மாட்டுனதே நாந்தான்."