எட்டு மணி லைவ்

"இப்ப தலை சீவறது ஒண்ணுதான் குறைச்சல்!"

சொல்லியே விட்டேன். நாலு நாளா அடக்கி வச்சது.

அக்கா காதுலயே வாங்கிக்கல. நாங்க தங்கியிருந்த ஸ்கூல் ரூமோட ஜன்னல் கண்ணாடியில முகத்தைப் பார்த்து, வகிடு எடுத்து, அழுத்தி அழுத்திச் சீவினா.

"மணி என்னடா?"

"ஏழே முக்கால்."

"ஐயோ, நேரமாச்சு."

எதுக்கு நேரமாச்சு? கேமராவுக்கு!

மலை சரிஞ்சு, தையல் கம்பெனி விடுதி மொத்தமும் மண்ணுக்குள்ள போய் அன்னிக்குப் பதினோராவது நாள். நாப்பது பேர் உடல் கிடைச்சுது. அவங்கவங்க சொந்தக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. பாக்கி ஒரே ஒருத்தி. என் அக்கா மக. "மாமா, உங்க அளவுச் சட்டை ஒண்ணு அனுப்புங்க, நானே தைச்சுத் தரேன்"னு மலை சரியறதுக்கு முந்தின நாள்தான் போன்ல சொன்னா. அப்பன் இல்லாத பொண்ணு. என் தோள்ல வளர்ந்தவ.

முதல் வாரம் டிவிக்காரங்க கூட்டம் தாங்கல. ஈ மாதிரி மொய்ச்சாங்க. "இப்ப உங்க மனசு எப்படி இருக்கும்மா?"ன்னு அழற வாயில மைக்கைத் திணிச்சாங்க. அப்புறம் யாரோ ஒரு நடிகருக்குக் கல்யாணம் வந்துது. ஒரே நாள்ல அத்தனை பேரும் மூட்டையைக் கட்டிட்டாங்க.

மிச்சம் ஒரே ஒரு கேமராக்காரன். ஒல்லி உடம்பு, ஷேவ் பண்ணாத மூஞ்சி. தினமும் காலையில எட்டு மணி ஆனா ஸ்டாண்டை நட்டு, கேமராவை மாட்டி, அதுல இருக்கற சிவப்பு லைட்டைப் போட்டுருவான். அக்கா போய் அது முன்னால நிப்பா.

முதல் வாரமெல்லாம் தலைவிரிகோலமாக் கிடந்தவதான். நாலு நாளாத்தான் இந்தக் கூத்து. மடிப்புக் கலையாத துணி, வழிச்சுச் சீவின தலை. பேச்சு மட்டும் தினமும் அதே பேச்சு.

"என் பொண்ணு இன்னும் உள்ள இருக்கா. அவளை எடுக்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

அதே நேரத்துக்கு ஆபீசரும் ஜீப்புல வந்து இறங்குவார். சிவப்பு லைட்டைப் பார்த்ததும் சட்டையை இழுத்து விட்டுக்குவார். மண் அள்ளற மிஷின் டிரைவரைப் பார்த்து, "ம், நடக்கட்டும், நடக்கட்டும்"னு கையாட்டிட்டுப் போவார். எல்லாருக்கும் டிவியில மூஞ்சி வரணும்!

என் பொண்டாட்டி வேற போன்ல, "என்னங்க, நாலு நாளா அண்ணியை டிவியில காணோமே?"ன்னா.

"சேர்த்து வச்சு ஒரு நாள் மொத்தமாப் போட்டுக் காசு பார்ப்பானுங்க"ன்னேன்.

அன்னிக்கு நானும் அக்கா பின்னாலயே போனேன்.

கேமராக்காரன் ஆரம்பிச்சான். "அக்கா, இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க. கீழேருந்து பார்த்தாத் தெரியணும். நேத்து அழுதீங்கல்ல, அதே மாதிரி..."

எனக்கு எங்கிருந்துதான் வந்துதோ அவ்வளவு ஆத்திரம்.

"நீயெல்லாம் மனுஷனாடா? பொணத்தைக் காட்டிப் பொழைக்கறியே!"

ஓங்கி ஒரு தள்ளு. ஸ்டாண்டோட கேமரா கல்லு மேல விழுந்துது. லென்ஸ் சுக்குநூறாப் போச்சு.

அக்கா ஓடி வந்தா. என்கிட்ட இல்ல. மண்ணுல முட்டி போட்டு, கேமராவைப் புரட்டினா.

"தம்பி, லைட்டு எரியுதா பாருங்க! லைட்டு போயிடலையே?"

"எரியுதுக்கா." அவன் குனிஞ்சு பார்த்துச் சொன்னான்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? பெத்த பொண்ணு மண்ணுக்குள்ள கிடக்கா, உனக்கு லைட்டு..."

"கத்தாதடா!" அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. "லைவ் அனுப்பற இவங்க வேன் திரும்பிப் போய் நாலு நாளாச்சு. ஆபீஸ்ல இவரையும் கூப்பிட்டாங்க. நான்தான் கால்ல விழாத குறையா இருக்கச் சொன்னேன். லீவு போட்டுட்டு நிக்கறார். இதுல எடுக்கறது எங்கேயும் போகல."

"அப்புறம் எதுக்கு..."

"ஒரே ஒரு பொணத்துக்கு எத்தனை நாள் தோண்டறதுன்னு அன்னிக்கே மிஷினை நிறுத்தப் போனாங்க. இந்த லைட்டுக்குப் பயந்துதான் இன்னும் தோண்டறாங்க."



திரும்பிப் பார்த்தா, டிரைவர் மிஷினை அணைச்சுட்டு எங்களையே வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தார். கீழே ஜீப் வந்து நிக்கற சத்தம்.

கேமராக்காரர் அவசர அவசரமா ஸ்டாண்டை நிமிர்த்தி, உடைஞ்ச லென்ஸ் மேல மழை உறையை இழுத்து விட்டார். லைட்டு மட்டும் வெளியே தெரிஞ்சுது. என்னை ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுஷன். சொல்லியிருந்தாத் தேவலை.

ஆபீசர் பாதி மேட்டுல நின்னு குரல் கொடுத்தார். "என்ன, மிஷின் நிக்குது? டிவிக்காரங்க கிளம்பியாச்சா?"

"இல்ல சார், இப்ப லைவ்!" கேமராக்காரர் சத்தமாச் சொன்னார். "இன்னிக்குப் பொண்ணோட தாய்மாமா பேசறார்."

ஆபீசர் கை தானாச் சட்டைக்குப் போச்சு.

அக்கா இடுப்புல செருகியிருந்த சீப்பை எடுத்து என் கையில வச்சா.

"சீவிக்கடா," மெதுவாச் சொன்னா. "தலை கலைஞ்சு நின்னா, நிஜமாவே படம் எடுக்கறாங்கன்னு அவர் நம்ப மாட்டார்."

நான் வகிடு எடுத்து, அழுத்திச் சீவிக்கிட்டு, அந்த உடைஞ்ச கேமரா முன்னால போய் நின்னேன்.

மிஷின் மறுபடி தோண்ட ஆரம்பிச்சுது.