அளவுக்கு நிற்கும் ஆள்

மெய்நிகர் காட்சி காட்டும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டவர்களுக்கு, பிரிசில்லா ஆய்வு செய்து கணித்திருந்த வருங்காலக் கடல்மட்டம் அரங்கத்துக்குள்ளேயே தெரிந்தது. ஆழம் புரிவதற்காக நடுவில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தாள். கைலியும் பனியனுமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது அவள் கணவர் தனராஜ். "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கூடத்தில் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து கேமராவில் எடுத்த உருவம். அந்த வருடமே அவர் இறந்துபோனார்.

ஆண்டுகளை நகர்த்த நகர்த்தத் தண்ணீர் அவருடைய முழங்காலைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது.

"இதோட நிறுத்திட்டீங்களே மேடம்? அடுத்த பத்து வருஷத்தையும் காட்டுங்க" என்றார் முன்வரிசை அதிகாரி.

காட்டினாள். கைதட்டினார்கள்.

எல்லோரும் போனபிறகு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, கடலை இந்த வருடத்துக்கு இறக்கினாள். தலையில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் அதே சிரிப்போடு நின்றார். கிட்டே போனாள்.

"முடிஞ்சிடுச்சு. இனிமே அசையலாம்ங்க."