எடுக்க முடியாத வார்த்தை

“இந்த ‘பொட்டப்பய’ங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துரு மாறா. சாயங்காலம் மேடையில நீதான் முதல் ஆளு” என்றாள் வெண்மதி.

காரைக்கால் கடற்கரையில் ராப் போட்டியை நடத்துபவள் அவள்தான். எதிராளியைத் திட்டித்தான் பாட வேண்டும். ஆனால், என்ன திட்டப் போகிறார்கள் என்பதை முதலில் அவளிடம் எழுதிக் காட்டியாக வேண்டும். ஜெயிப்பவனுக்குச் சென்னையில் பாட்டு ரெக்கார்டிங். சுரக்குடி மாறன் இரண்டு வருஷமாக அதற்குத்தான் தவம் கிடக்கிறான்.

“எடுக்க முடியாதுக்கா.”

“ஏன்டா? அஷ்வின்தானே உனக்கு எதிரா பாடறான்? அவன் குரலத் திட்டு, தாளம் தப்புறதத் திட்டு. அவன் ஆம்பளையா இல்லையாங்கிற ஆராய்ச்சி உனக்கு எதுக்கு?”

“ராப்புன்னா அப்படித்தாங்கக்கா. ஆம்பளையாடான்னு கேட்டாத்தான் சனம் விசிலடிக்கும்.”

“அதுக்காக ஒரே பாட்டுல பதினோரு தடவையா?”

மாறன் தலையைக் குனிந்துகொண்டான். வெண்மதிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத பையன். இவனுக்குள் இத்தனை விஷம் எங்கிருந்து வந்தது?

“அவன் உனக்கு அப்படி என்னதான்டா பண்ணினான்?”

“ஒண்ணும் பண்ணலக்கா.”

“எடுக்கலன்னா மேடை கிடையாது. சென்னையும் கிடையாது. நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “நான் வர்றேன்க்கா.”

போனில் வந்த செய்தியைப் பார்த்த வெண்மதி தலையில் கைவைத்தாள். “நல்ல கூத்துடா இது! காலையில அஷ்வினும் இதே பிடிவாதம்தான். உன்னைத் திட்டின அந்த வார்த்தைய எடுக்க மாட்டேன்னு, போட்டியே வேணாம்னு இப்ப மெசேஜ் அனுப்பிட்டான். உங்ககிட்ட கீரியும் பாம்பும் தோத்துடும் போங்க!”

மாறன் பைக்கை எடுத்தான். மண்டபத்தூர் சவுக்குத் தோப்புக்குள் போய்த்தான் நிறுத்தினான். அங்கே அஷ்வின் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“மேடை போச்சேடா மாறா.”

“போகட்டும். இத்தன நாளு திட்டிட்டு இன்னிக்கு மட்டும் விட்டா, ஏன்னு கேக்க மாட்டாங்களா? இப்ப நாம ஜென்மப் பகைன்னு ஊரே பேசும். உங்கண்ணனுக்கு இனிமே நம்ம மேல சந்தேகம் வராது” என்ற மாறன், அஷ்வினின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.