தராசில் ஏறாத தக்காளி

"இந்தத் தெருவுல காய்கறியே கிடைக்காதுன்னு சொன்னீங்களே?" என்றார் மானிய அதிகாரி, வாசலில் நின்றபடியே. கடையின் மேல்தட்டில் கூடை நிறையத் தக்காளி பளபளத்தது.

கடைக்காரி கணவனை முறைத்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

பெரிய ஃப்ரிட்ஜ் வாங்க மானியம் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவள் அவள். அது கிடைக்காவிட்டால், தெருவே பஸ் மாறிச் சந்தைக்குப் போக வேண்டியதுதான்.

"கடை களையா இருக்கட்டும்னுதான் சார்..." கணவன் இழுத்தான்.

"நல்லாவே இருக்கு. அப்போ மானியம், காய்கறி கிடைக்காத தெருவுக்குப் போகட்டும்." அதிகாரி பேனாவை மூடினார். "அதுல ஒரு கிலோ போடுங்க. வீட்டுல கேட்டாங்க."

"அது... வேற ஒருத்தரோட ஆர்டர் சார்" என்றான் கணவன்.

"மொத்தக் கூடையுமா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று கணவனை அடக்கிவிட்டு, கூடையை இறக்கித் தராசில் அப்படியே கவிழ்த்தாள். தட்டு நிறைந்து வழிந்தது. முள் லேசாகத் தலையாட்டியதோடு சரி. கீழே விழுந்த ஒரு தக்காளி துள்ளித் துள்ளி அதிகாரியின் காலடிக்குப் போனது.

"பிளாஸ்டிக் சார். நீங்க வர்றீங்கன்னு காலையில வாங்கிட்டு வந்திருக்காரு. நிஜத் தக்காளி வாங்கி வச்சா ரெண்டே நாள்ல அழுகிடுது. அழுகாம இங்க நிக்கிறது இது ஒண்ணுதான்."

அதிகாரி அதை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார்.

கணவனுக்கு உயிர் வந்தது. "ஃப்ரிட்ஜ் வந்ததும் முதல் கிலோ உங்களுக்கு இலவசம் சார்!"

"நீங்க பேசாதீங்க" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.