வரிசையில் நின்ற பணம்

அண்ணன்காரன் தலையில் அடித்துக்கொண்டான். தங்கையின் தையல் கடையில், அவள் பார்க்கும்படி அடித்துக்கொண்டதால் கொஞ்சம் பலமாகவே அடித்துக்கொண்டான்.

பெற்றோரின் வீட்டை விற்ற பணத்தில் தங்கையின் பங்கை பிட்காயினில் போட்டுப் பெருக்கித் தருகிறேன் என்று இரண்டு வருடம் பிடித்து வைத்திருந்த பெரிய மனுஷன். பெரியப்பா ஊரிலிருந்து வந்து சத்தம் போட்ட பிறகுதான், முந்தாநாள் அவர் கண்ணெதிரில் தங்கையின் கைப்பேசிக்கு அனுப்பினான். அனுப்புவதற்கான கட்டணத்தை ரொம்பவும் குறைத்துப் போட்டுவிட்டானாம், பணம் இன்னும் உறுதியாகாமல் வரிசையில் நிற்கிறது.

"அதிகமா கட்டினவன் பணத்தைத்தான் முதல்ல விடுவாங்க. என் கெட்ட நேரம், கை தவறிடுச்சு" என்றான். சலூனில்கூடக் கூடுதலாகக் கொடுத்து முன்னால் போய் உட்காருகிற ஆள் அவன்.

இன்று மாலைக்குள் முன்பணம் வராவிட்டால் கடையைக் காலி செய்யும்படி கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். தங்கை அதைச் சொன்னபோது அண்ணனுக்குக் கொட்டாவி வந்தது.

மடியில் கிடந்த சட்டைக்கடியில் கைப்பேசியைப் பார்த்தபடி அவள் கேட்டாள். "சீக்கிரம் போகணும்னா எவ்வளவு கட்டணும்ண்ணா?"

"ஐம்பது மடங்கு கட்டியிருந்தா கால் மணி நேரத்துல வந்திருக்கும். உனக்கெதுக்கு இந்தக் கணக்கெல்லாம், நீ பட்டனைத் தை."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதில் அவனுக்கு அபார நம்பிக்கை. டீ வரவழைத்துக் குடித்தான். உலகத்தில் பணம் எப்படி ஓடுகிறது என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினான். அவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள்.

பெரியப்பா ஊருக்கு ரயில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. பஞ்சாயத்து பண்ண இனி ஆள் இல்லை. அண்ணன் வாசலுக்கு வந்து கைப்பேசியை எடுத்தான். வரிசையில் நிற்கிற வரைக்கும் அனுப்பியவனே பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குறைந்த கட்டணமே அதற்காகத்தான். 'ரத்து' என்பதை அழுத்தினான்.

'பரிமாற்றம் உறுதியாகிவிட்டது. இனி ரத்து செய்ய இயலாது' என்றது திரை.

திரும்பிப் பார்த்தான். தங்கை பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாங்குறவங்களும் வர்ற பணத்துலேருந்தே கட்டணத்தைக் கூட்டிக் கட்டலாமாம்ண்ணா. நீங்க சொன்ன ஐம்பது மடங்கையே கட்டிட்டேன்."